மடலும் கீலும்: குழந்தைகளின் குயில்ட்டில் திறந்து பார்க்கும் கட்டங்கள்

மேல்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடித்துணி என்னும் மூன்று அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லும் தையல்களால் பிணைத்த விரிப்பே குயில்ட் எனப்படுகிறது. அதன் மேல்துணி பெரும்பாலும் ஒரே அளவுள்ள சதுரக் கட்டங்களை இணைத்து உருவாக்கப்படுகிறது. அக்கட்டங்கள் சிலவற்றில், ஒரு பக்கம் மட்டும் தைக்கப்பட்டு மற்ற மூன்று பக்கங்களும் விடுபட்டு நிற்கும் துணித் துண்டொன்றைப் பொருத்தி, அதைத் தூக்கினால் கீழே வேறொரு படம் தெரியும்படி அமைக்கும் முறையை இவ்வியல் விளக்குகிறது. அத்துண்டு இங்கே மடல் என்றும், அது கட்டத்தோடு இணையும் பக்கம் கீல் ஓரம் என்றும், மடலுக்கடியில் மறைந்திருக்கும் பகுதி உள்தளம் என்றும் குறிக்கப்படும். கட்டத்தைத் தைத்து முடித்தபின் மடலை அதன்மேல் வைத்து ஒரு வரித் தையல் போட்டுவிடுவது பரவலான வழக்கம். ஆனால் குழந்தை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இழுவிசை முழுவதும் அந்த ஒற்றை வரியின் இரு முனைகளிலேயே குவிவதால், முதலில் அங்கே நூல் தளர்ந்து, பிறகு மேல்துணியே கிழியத் தொடங்குகிறது. மடல் ஓர் அலங்காரம் என்ற எண்ணத்தை விட்டு, அது நாள்தோறும் இயங்கப்போகும் உறுப்பு என்று கொண்டு திட்டமிட்டால், துணியின் தேர்விலிருந்து தையலின் வரிசை வரை பல முடிவுகள் மாறும்.

திறந்து பார்க்கும் படங்கள் துணிக்கு வருமுன்பே தாளில் வந்துவிட்டன. லண்டனில் ராபர்ட் சேயர் என்னும் பதிப்பாளர் 1765-ஆம் ஆண்டளவில், தாளின் பாதியைத் தூக்கினால் கதை அடுத்த காட்சிக்கு மாறும் சிறுநூல்களைக் குழந்தைகளுக்காக வெளியிட்டார். 1980-இல் வெளிவந்த எரிக் ஹில்லின் ‘ஸ்பாட்’ என்னும் நாய்க்குட்டிக் கதை, மடலைத் தூக்கித் தேடும் விளையாட்டை உலகெங்கும் மழலையர் நூல்களின் இயல்பான பகுதியாக்கியது. இவ்விளையாட்டின் ஈர்ப்புக்குக் காரணம் குழந்தையின் அறிவு வளர்ச்சியிலேயே உள்ளது. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்ற உணர்வு ஏறத்தாழ எட்டாம் மாதத்திலிருந்து உருவாவதைச் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாழே விளக்கினார். அந்தப் பருவத்தில் கைக்குட்டையால் மூடிய பொம்மையைக் குழந்தை தானே விலக்கித் தேடத் தொடங்குகிறது. பிற்காலத்தில் வந்த ஆய்வாளர்கள் இவ்வுணர்வு இன்னும் முன்னரே அரும்புவதாகக் கருதினாலும், கையால் விலக்கித் தேடும் செயல் முதலாண்டின் பிற்பாதியில் தோன்றுகிறது என்பது தைப்பவருக்குப் போதுமான குறிப்பாகும்.

குயில்ட் எந்த வயதுக் குழந்தைக்கு என்பதே முதற்கேள்வி. ஓராண்டு நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, குயில்ட், தலையணை போன்ற மென்பொருள்கள் இருக்கலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. மூச்சுத் திணறலைத் தவிர்ப்பதே அதன் நோக்கமாதலால், மடல் குயில்ட்டைத் தூளியிலோ தொட்டிலிலோ இடாமல், பெரியவர் உடனிருக்கும்போது தரையில் விரிக்கும் விளையாட்டு விரிப்பாகவே கொள்ள வேண்டும். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை முழுக்கையால் பற்றுவதால் மடல் பெரிதாகவும் எளிதில் எழும்பக்கூடியதாகவும் இருத்தல் நலம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பிடிக்கும் திறன் வளர்ந்தபின் சிறிய மடல்களும், மூன்று வயதைக் கடந்தபின் பொத்தான், ஜிப் முதலிய பூட்டுகளும் பொருந்தும்.

தரையில் விரிக்கும் குயில்ட்டுக்கு மேல், கீழ் என்ற திசை கிடையாது என்பது பல மாதிரிப் படங்களில் கவனிக்கப்படுவதில்லை. எல்லாக் கட்டங்களையும் ஒரே திசை நோக்கி அமைத்தால், எதிர்ப்புறம் அமர்ந்த குழந்தைக்குப் படங்கள் தலைகீழாகத் தெரிவதோடு, மடல்களின் கீல் ஓரம் அதன் பக்கம் அமைவதால் எட்டித் தூக்கவும் கடினமாகும். ஓரத்துக் கட்டங்கள் ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் குயில்ட்டின் வெளி விளிம்பை நோக்கியிருக்குமாறு திருப்பி வைத்தால், நான்கு பக்கமும் அமரும் குழந்தைகள் தத்தம் முன்னுள்ள மடலைத் தம்மை நோக்கிய ஓரத்திலிருந்து தூக்க முடியும். 8 அங்குலக் கட்டங்களை அகலத்தில் நான்கு, நீளத்தில் ஐந்து என இருபதாக இணைத்து, சுற்றிலும் 2 அங்குலக் கரை வைத்தால் 36-க்கு 44 அங்குல விரிப்பு கிடைக்கும். இருபதிலும் மடல் வைப்பது வீண் உழைப்பு. ஆறு முதல் எட்டு மடல்கள் போதும்; எஞ்சிய கட்டங்கள் வெறும் துணியாக இருப்பதாலேயே எது திறக்கும் என்று தேடும் வேலை குழந்தைக்கு மிஞ்சுகிறது.

எதை மறைப்பது என்பது தையலைவிடவும் சிந்தனை வேண்டும் பகுதி. கதவைத் திறந்தால் பூனை, பெட்டியைத் திறந்தால் பந்து என்று எதன் அடியிலும் எதையும் வைக்கலாம் என்றாலும், உலகில் உண்மையிலேயே ஒன்றை மூடியிருக்கும் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போது மடலின் அசைவுக்குப் பொருள் கூடுகிறது. கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம் அரைவட்ட மடலுக்கு மிகப் பொருத்தமானது. அதன் பின்னல் கோடுகளைக் கட்டங்கட்டமாக ஓட்டுத் தையலால் காட்டி, உள்தளத்தில் மூன்று மஞ்சள் குஞ்சுகளை வைக்கலாம். இட்லிக் குண்டானின் மூடி, பட்டாணியின் தோல், தபால்பெட்டியின் வாய், ஆட்டோவின் பக்கத்திரை, மாட்டுத் தொழுவத்தின் படல் ஆகியவை இவ்வாறே தாமாகத் திறப்பவை. மடலின் உட்புறமும் ஒரு பரப்பு என்பதை மறத்தலாகாது: மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகளையும், பட்டாணித் தோலின் உட்புறத்தில் இளம்பச்சையையும் காட்டினால், ஒரே கட்டத்தில் வெளிப்புறம், உட்புறம், உள்தளம் என மூன்று காட்சிகள் அமையும்.

துணியைப் பொறுத்தவரை, நெருக்கமான நெசவுள்ள பருத்தியே சிறந்தது. பாப்ளின், கேம்ப்ரிக் ஆகிய இரண்டும் எல்லா ஊர்களிலும் கிடைக்கும். புதுப் பருத்தி முதல் சலவையில் சுருங்குமாதலாலும், அடர்சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடுமாதலாலும், வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணிகளையும் தனித்தனியே நனைத்து உலர்த்தி இஸ்திரி போட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். அடித்துணிக்கு 44 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் போதுமானது. பாட்டியின் பழைய நூல்சேலையைக் குழந்தையின் விரிப்பில் சேர்க்கும் விருப்பம் பல குடும்பங்களில் உண்டு. அதன் மென்மை அடித்துணிக்கும் உள்தளப் படங்களுக்கும் ஏற்றது. ஆனால் பல ஆண்டுகள் துவைத்துத் தேய்ந்த இழைகள் கீல் ஓரத்தின் இழுப்பைத் தாங்கா, எனவே மடலுக்கு மட்டும் புதுத்துணியே வேண்டும்.

மடலை வெட்டும்போது பாவின் திசை கீல் ஓரத்திலிருந்து எதிர் ஓரத்தை நோக்கி ஓடுமாறு வைக்க வேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள் பாவு எனவும், அகலவாக்கில் ஓடுபவை ஊடை எனவும் அழைக்கப்படுகின்றன. பாவின் திசையில் துணி ஊடையின் திசையைவிடக் குறைவாகவே நீளும் என்பதால், குழந்தை இழுக்கும் திசையும் பாவின் திசையும் ஒன்றாக இருக்கும்போது மடல் உருமாறாமல் நிற்கிறது. துணியின் ஓரக்கரை எப்போதும் பாவோடு ஒத்துச் செல்வதால், சிறு துண்டிலும் அக்கரையைக் கொண்டு திசையை அறியலாம்.

8 அங்குலக் கட்டம் ஒன்றுக்கான அளவுகள் வருமாறு. தைக்கும் கோட்டுக்கும் துணியின் விளிம்புக்கும் இடையில் விடப்படும் பகுதி தையல் ஓரம் எனப்படும். குயில்ட் வேலையில் அது எங்கும் கால் அங்குலமே. மேல்பட்டை 8½-க்கு 2½ அங்குலம். உள்தளத் துணி 8½-க்கு 6½ அங்குலம். மடலுக்கு 5½ அங்குலச் சதுரம் இரண்டு, ஒன்று வெளிப்புறத்துக்கு, மற்றொன்று உட்புறத்துக்கு. இவற்றோடு, சூடான இஸ்திரியால் துணியோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஃபியூசிங் ஒரு துண்டு வேண்டும். அதைச் சரியாக 5 அங்குலச் சதுரமாக வெட்டி, வெளிப்புறத் துணியின் உள்பக்கத்தில் நான்கு புறமும் கால் அங்குலம் விட்டு நடுவில் ஒட்டினால், தையல் ஓரங்கள் தடிக்காது, கீல் ஓரமும் எளிதில் மடங்கும். சட்டைக் காலருக்கு வைக்கும் கெட்டிக் கேன்வாஸையோ பஞ்சுத் தகட்டையோ மடலுக்குள் வைத்தால் அது விறைத்து நின்று மூடிக்கொள்ள மறுக்கும்.

இரண்டு சதுரங்களையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்து, மேல் ஓரத்தைத் திறந்துவிட்டு, மற்ற மூன்று ஓரங்களையும் தைக்க வேண்டும். கீழ்மூலைகள் இரண்டையும் கூராக விடாமல், 10 ரூபாய் நாணயத்தை வைத்து வளைவாக வரைந்து அக்கோட்டில் தைப்பது நல்லது. வளைந்த மூலை திருப்புவதற்கு எளிது, முகத்தில் குத்தாது, கூர்மூலையைப் போல முதலில் நைந்தும் போகாது. வளைவுகளில் தையல் ஓரத்தை எட்டில் ஒரு பங்கு அங்குலமாகக் குறைத்து வெட்டி, நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மழுங்கிய குச்சியால் மூலைகளைத் தள்ளிவிட்டு இஸ்திரி போட்டபின், தைத்த மூன்று ஓரங்களிலும் விளிம்பை ஒட்டி ஒரு மேல்தையல் ஓட்ட வேண்டும். இம்மேல்தையல் அழகுக்கு மட்டுமன்று; இது இல்லாவிட்டால் ஒவ்வொரு சலவையிலும் உட்புறத் துணி விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும்.

உள்தளத்தின் படத்தை மடலைப் பொருத்துவதற்கு முன்பே தைத்து முடித்தாக வேண்டும். ஒரு துணியில் வெட்டிய உருவத்தை மற்றொரு துணியின்மேல் பதித்துத் தைப்பது அப்ளிக் எனப்படுகிறது. காலால் மிதிக்கும் சாதாரணத் தையல் இயந்திரம் நேர்த்தையல் மட்டுமே போடும் என்பதால், உருவத்தின் விளிம்பைக் கால் அங்குலம் உள்ளே மடித்து ஒட்டித் தைப்பதோ, கையால் காஜாத் தையல் போடுவதோ ஏற்ற வழியாகும். மடல் மூடியிருக்கும்போது படத்தின் எப்பகுதியும் வெளியே தெரியாதிருக்க, அதை 4 அங்குலச் சதுரத்துக்குள் அடக்குவது பாதுகாப்பு.

இனிக் கீல் ஓரம். உள்தளத் துணியை நல்ல பக்கம் மேலாக மேசையில் விரித்து, மடலை அதன் வெளிப்புறம் மேலே தெரியுமாறு வைத்து, மடலின் தைக்கப்படாத ஓரமும் உள்தளத்தின் மேல் ஓரமும் ஒன்றாகப் பொருந்துமாறு நடுவில் நிறுத்த வேண்டும். மடலின் இருபுறமும் 1¾ அங்குலம் மிஞ்சும். அதன்மேல் மேல்பட்டையை நல்ல பக்கம் கீழாகக் கவிழ்த்து, மூன்றின் ஓரங்களையும் சேர்த்துக் கால் அங்குலத்தில் தைத்து, மடல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முன்னும் பின்னுமாகச் சென்று கெட்டிப்படுத்த வேண்டும். பிரித்துப் பார்த்தால் மடல் இரு துணிகளின் இணைப்புக்குள்ளேயே சிக்கியிருக்கும். தையல் ஓரத்தை மேல்பட்டையின் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டால் மடல் தானாகவே கீழ்நோக்கிப் படிகிறது. கீழ்ப்பக்கமாகச் சாய்த்தால் மடல் எப்போதும் சற்றே தூக்கி நிற்கும். பிறகு மேல்பட்டையின் நல்ல பக்கத்தில், இணைப்புக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் மேலே, கட்டத்தின் முழு அகலத்துக்கும் ஒரு மேல்தையல் ஓட வேண்டும். அது பின்னே சாய்ந்துள்ள தையல் ஓரத்தை மடலோடு சேர்த்துப் பிடிப்பதால் கீல் ஓரத்துக்கு இரண்டாம் பிடிப்பு கிடைக்கிறது. மூன்றாம் பிடிப்பு, குயில்ட் தையலின்போது வரும். இம்மூன்றுக்கும் பாலியெஸ்டர் நூலே தகுந்தது.

இம்முறையை நன்கு பழகியவர்கள் வாழைப்பூக் கட்டத்தை முயலலாம். ஒரு மடலுக்குள் மற்றொரு மடல், அதற்குள் இன்னொன்று என்று இயற்கையே வகுத்த வடிவம் அது, தமிழ்நாட்டுச் சமையலறையில் குழந்தை அருகிருந்து பார்க்கும் பொருளும்கூட. கட்டத்தின் அகலம் எல்லாத் துண்டுகளுக்கும் 8½ அங்குலமாக இருக்க, மேல்பட்டை 2 அங்குலம், அதன்கீழ் இரண்டு இடைப்பட்டைகள் தலா 1½ அங்குலம், உள்தளம் 5 அங்குலம் என உயரம் அமையும். மூன்று இணைப்புகள் போக இவை 8½ அங்குலமாகவே வந்து சேரும். மடல்களைத் தைத்தபின் வெளிமடல் 5 அங்குல அகலமும் 5½ அங்குல உயரமும், நடுமடல் 4-க்கு 4, உள்மடல் 3-க்கு 2½ என இருக்க வேண்டும். வெட்டும்போது ஒவ்வொன்றின் அகலத்திலும் உயரத்திலும் அரை அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். கீழிருந்து மேலாக வேலை நடக்கும்: முதலில் உள்மடல் உள்தளத்துக்கும் கீழ் இடைப்பட்டைக்கும் இடையிலும், அடுத்து நடுமடல் இரு இடைப்பட்டைகளுக்கு இடையிலும், இறுதியில் வெளிமடல் மேல் இடைப்பட்டைக்கும் மேல்பட்டைக்கும் இடையிலும் செருகப்படுகின்றன. அடுத்த மடல் வந்து மறைத்துவிடும் என்பதால், ஒவ்வோர் இணைப்பையும் தைத்தவுடனே அதன் மேல்தையலையும் முடித்துவிட வேண்டும். உண்மைப் பூவில் ஒவ்வொரு மடலின் அடியிலும் பூக்கள் சீப்பாக வரிசைப்பட்டிருப்பதைப் போலவே, இங்கும் மடலைத் தூக்கியதும் தெரியும் ஓர் அங்குல இடைப்பட்டையில் வெளிர்மஞ்சள் பூக்களை வரிசையாகப் பின்னல் வேலையில் காட்டலாம். விரல் சிக்காதிருக்க எந்தத் தையலும் அரை அங்குலத்துக்கு மேல் நீளலாகாது. வெளிமடலின் வெளிப்புறம் கருஞ்சிவப்பு, உட்புறம் நல்ல சிவப்பு, உள்ளே செல்லச் செல்ல வெளிறிய நிறங்கள் என்று தேர்ந்தால், அரைகுறையாகத் திறந்திருக்கும்போதும் அது வாழைப்பூ என்பது விளங்கும்.

கட்டங்களை இணைத்து மேல்துணி உருவானபின் மூன்று அடுக்குகளையும் பிணைக்கும் வேலை தொடங்குகிறது. மடல் குயில்ட்டில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன: ஒரு நேர்க்கோடு மடலின்மேல் ஓடிவிட்டால் அது என்றென்றைக்கும் மூடியே கிடக்கும். தொடங்குமுன் எல்லா மடல்களையும் மேல்நோக்கித் திருப்பி ஊக்குகளால் மேல்பட்டையோடு பிடித்துவிட வேண்டும். உள்தளமும் பஞ்சோடு பிணைக்கப்படாவிட்டால் அங்கே துணி தொய்ந்துவிடும் என்பதால், படத்தின் வெளிக்கோட்டைச் சுற்றி ஒரு தையல் போடுவது போதுமானது. அது அடித்துணியில் உருவத்தின் சாயலைப் பதித்து, பின்பக்கத்திலும் ஒரு தேடலைக் கூட்டும். அதன்பின் மடலைக் கீழே விட்டு, கீல் ஓரத்தின் இணைப்புக் கோட்டிலேயே, மேல்பட்டையை ஒட்டியவாறு, மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைக்க வேண்டும். மேலே குறித்த மூன்றாம் பிடிப்பு இதுவே. இத்தையல் இருந்தால் குழந்தையின் இழுப்பை மேல்துணி மட்டும் ஏற்காமல், பஞ்சும் அடித்துணியும் பகிர்ந்துகொள்கின்றன. கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சுத் தகடு சலவையில் நகர்ந்து திரளக்கூடியது. ஆகவே எந்த இடத்திலும் 4 அங்குலத்துக்கு மேல் தையலில்லாத வெளி இருத்தல் நன்றன்று. ஊசி 16-ஆம் எண்ணாகவும் தையல் 3 மில்லிமீட்டர் நீளமாகவும் இருந்தால் தடித்த இணைப்புகளில் நூல் அறுவது குறையும்.

மடலைத் தூக்க உதவும் காது ஒன்றைக் கீழ் ஓரத்தில் வைக்க விரும்பினால், 2 அங்குல நாடாவை இரண்டாக மடித்து, மடல் தைக்கும்போதே அதன் வெட்டுமுனைகளைத் தையலுக்குள் செருக வேண்டும். வளையம் திறந்திருந்தால் விரல் மாட்டிக்கொள்ளும் என்பதால், மடித்த நாடாவின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று ஒட்டித் தைத்துவிடுதல் கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்டோருக்குப் பொத்தான், மணி, டிச் பட்டன், காந்தம் ஆகிய எதுவும் கூடாது. இவ்வயதினருக்கான பொருள்களில் பிரியக்கூடிய சிறு உறுப்புகளை அளக்க அமெரிக்க விதிகள் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகின்றன. அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியதாகக் கருதப்படுகிறது, சட்டைப் பொத்தான் அதில் எளிதாக அடங்கிவிடும். விலங்கின் கண்ணை நூலால் பின்னிவிடலாம். காந்தம் பொத்தானைவிடக் கொடியது, விழுங்கப்பட்ட இரண்டு காந்தங்கள் குடலின் சுவர்களை இடையில் நெரித்துத் துளையிட வல்லவை. ஆகவே எந்த வயதுக் குழந்தையின் குயில்ட்டிலும் அதற்கு இடமில்லை. வெல்க்ரோ மூத்த குழந்தைகளுக்குப் பொருந்தும் என்றாலும், ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கீல் ஓரத்தை வலிந்து இழுப்பதால் அரை அங்குலத் துண்டு ஒன்றுக்கு மேல் வைக்கலாகாது. துவைக்குமுன் மூடிவிட வேண்டும், இல்லையேல் அதன் கொக்கிப் பக்கம் மற்றத் துணிகளின் இழைகளைப் பிய்த்துவிடும்.

முதல் மடல் கட்டத்தைக் குயில்ட்டுக்கென்று தைக்காமல் சோதனைக்கென்றே, பஞ்சும் அடித்துணியும் சேர்த்துத் தைத்துப் பார்ப்பது அறிவுடைமை. ஐரோப்பியப் பொம்மைத் தரநிலையில் துணித் தையல்களுக்கான இழுப்புச் சோதனை 70 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 7 கிலோ எடையின் இழுப்பு. சோதனைக் கட்டத்தின் மேல் ஓரத்தை மேசை விளிம்பில் கெட்டியாகப் பிடித்து, மடலின் நுனியில் அதே அளவு எடையுள்ள பையைப் பத்து விநாடி தொங்கவிட்டு, பின்னர் கீல் ஓரத்தின் இரு முனைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளைகள் நீண்டிருந்தால் தையல் மிக நெருக்கமாகவோ துணி மிக மெல்லியதாகவோ உள்ளது என்று பொருள்.

எவ்வளவு நன்றாகத் தைத்தாலும், விரும்பித் திறக்கப்படும் மடல் என்றேனும் நைந்துபோகும். அதை மாற்றுவதற்காகக் குயில்ட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. பழைய மடலை இணைப்பை ஒட்டிக் கத்தரித்துவிட்டு, புதுமடலின் திறந்த ஓரத்தை அதே இடத்தில் வைத்து, முக்கால் அங்குலப் பருத்தி நாடாவால் அவ்வோரத்தை மூடி, நாடாவின் மேலும் கீழும் அடுக்குகள் மூன்றையும் ஊடுருவித் தைத்துவிடலாம். புதுத்துணி பழைய குயில்ட்டில் பளிச்சென்று தனித்துத் தெரியாதிருக்க, தொடக்கத்திலேயே ஒவ்வொரு மடலுக்கும் ஒரு மாற்று மடல் தைத்து வைத்துக்கொண்டு, குயில்ட்டைத் துவைக்கும்போதெல்லாம் அவற்றையும் உடன் துவைத்து அதே வெயிலில் உலர்த்தி வந்தால் போதும்.